டிகிரி முடித்த தம்பி தங்கைகளுக்கு: நம்ம கரையில் முதல் ஒரு வருடம்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கரையில் எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்த வருடம் கல்லூரி முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் உச்சிப்புளிப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் ரிசல்ட்டுக்கும் வருகிற பிள்ளைகளையும், அவர்களோடு வரும் அம்மா அப்பாக்களையும் வருடம் தவறாமல் பார்க்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. படிப்பு வந்துவிட்டது, அதற்குப் பிறகு வீட்டோடும் தெருவோடும் எப்படி இருப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. காத்திருப்பது என்றால் என்ன என்று இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கடலுக்குப் போனவர் கரைக்கு வரும் வரைக்கும் போன் எடுக்காது, வளைகுடாவில் இருப்பவர் ஷிப்டு முடிந்து கூப்பிடும் வரைக்கும் தூக்கம் வராது. இப்படிக் காத்துக்கிடந்தே பழகிய வீடுகளில் நீங்கள் காட்டக்கூடிய முதல் அன்பு தகவல் சொல்வதுதான். வருகிறேன், வரவில்லை, முடியும், முடியாது, இன்னும் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன். சொன்னால் செய்யுங்கள், செய்ய முடியாது என்று தெரிந்த அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். கீழே எழுதுகிற எல்லாமே இந்தப் பழக்கத்திலிருந்து வருவதுதான்.

ரிசல்ட் வரும் வாரம்: முதலில் வீட்டைப் பாருங்கள்

நீங்கள் கடைசிப் பரீட்சை எழுதி முடித்துப் பெட்டியோடு வீட்டுக்கு வரும் நேரமும், விசைப்படகு கடலுக்குப் போகாத நேரமும் ஒன்றுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் படகில் வரும்படி கிடையாது, ஆனால் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பது, வலை பின்னுவது, இன்ஜின் வேலை என்று செலவு மட்டும் இருக்கும். சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அரசு தரும் தடைக்கால நிவாரணத்தை எதிர்பார்த்துத்தான் நாள் ஓடும். வருடத்திலேயே வீட்டில் பணம் இறுகிக் கிடக்கும் மாதத்தில் நீங்கள் வந்து இறங்குகிறீர்கள். அப்பா முகம் கடுகடுப்பாக இருந்தால் உங்கள் மார்க்குதான் காரணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியது, அம்மாவிடம் உட்கார்ந்து, என் படிப்புக்காக எந்த நகை அடகில் இருக்கிறது, எங்கே, எவ்வளவுக்கு என்று கேட்பது. பல வீடுகளில் இதைப் பிள்ளையிடம் சொல்லவே மாட்டார்கள். கேட்டு, அடகுச் சீட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். வங்கி நகைக்கடனைப் பொதுவாக ஒரு வருடத்துக்குள் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் நோட்டீஸ் வந்து ஏலம் வரைக்கும் போகும். நோட்டீஸ் இங்கிலீஷில் வந்து பீரோவில் கிடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தேதியை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், இனிமேல் அது உங்கள் பொறுப்பு. கல்விக்கடன் வாங்கியிருந்தால் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைக்கும் பொதுவாகத் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். வங்கிக்கு ஒருமுறை நேரில் போய், இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் சொல்லுங்கள். கடனை நீங்கள் அடைக்க இன்னும் நாளாகலாம், கணக்கை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டீர்கள் என்று தெரிந்தாலே அவர்களுக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

ரிசல்ட் வந்த அன்று இன்னொன்று. உங்கள் வகுப்பில் அரியர் விழுந்தவன் ஒருவனாவது இருப்பான். குரூப்பில் எல்லாரும் மார்க்கைப் போட்டுக் கொண்டாடும்போது அவன் மட்டும் சத்தமில்லாமல் இருப்பான். எத்தனை பேப்பர் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, மறுமதிப்பீட்டுக்கு என்றைக்குக் கடைசித் தேதி, துணைத் தேர்வு எப்போது, என்னுடைய நோட்டு வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். அந்தத் தேதி தெரியாமல் விட்டு ஒரு வருடம் போன பிள்ளைகள் உண்டு.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக: மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ போட்டுவையுங்கள். ஒரிஜினலைத் தண்ணீர் புகாத கவரில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோர வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 5 வருடத்துக்குச் செல்லும். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்கிற எந்தக் கம்பெனியிலும் சேராதீர்கள்.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்

இது மிக முக்கியம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பட்டம் வாங்கிய அன்றிலிருந்து தெருவில் உங்களுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. யாரும் நியமன ஆணை தர மாட்டார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா வங்கியிலிருந்து வந்த மெசேஜைக் காட்டுவார், எதிர்வீட்டு அப்பத்தா முதியோர் உதவித்தொகை ஏன் வரவில்லை என்று பாஸ்புக்கை நீட்டுவார், காக்கா (முஸ்லிம் வீடுகளில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் பாஸ்போர்ட் புதுப்பிக்கணும் தம்பி என்று சாயங்காலம் வந்து நிற்பார். சில பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. நான் இன்னும் வேலை தேடிக்கொண்டே இருக்கிறேன், இதுக்கெல்லாம் எனக்கு எங்கே நேரம் என்கிறார்கள். நேரம் இல்லாவிட்டால் நேரம் குறித்துச் சொல்லுங்கள், "லாத்தா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வாங்க, உட்கார்ந்து பார்த்துருவோம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்தடிப்பதுதான் அவர்களை உங்கள் வாசலுக்கு நாலு தடவை நடக்க வைக்கிறது.

வந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள், நின்றுகொண்டே பேப்பரை வாங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பேப்பரில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், அவர்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆதாரில் திருத்தம் வேண்டும் என்று வருவார்கள், விசாரித்தால் உண்மையில் வேண்டியது பேரனுக்கு வங்கிக் கணக்காக இருக்கும். அடுத்து ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் மையத்தில் திரும்பி வருகிற விண்ணப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் மாட்டுகிறது. முதலெழுத்து ஒன்றில் இருக்கும் ஒன்றில் இருக்காது, ஒரே முகமது இங்கிலீஷில் மூன்று விதமாக இருக்கும், அந்தோணியம்மாளின் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருக்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்தால் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சம்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நிரப்பியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அப்பத்தா, உங்க பேரு இப்படிப் போட்டிருக்கேன், கணக்கு நம்பர் இதுல முடியுது, சரிதானா" என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தங்கள் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பல நேரம் மனப்பாடம். ஒப்புகை எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே தமிழில் எதற்காகப் போட்டது, எந்தத் தேதிக்கு மேல் போய்க் கேட்கலாம், எந்த அலுவலகம் என்று எழுதிக் கொடுங்கள். பிரிண்டுக்கு ஆன காசை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

அவர்கள் போனுக்கு வரும் ஓடிபி எதற்காக வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கேளுங்கள். நீங்கள் நல்ல பிள்ளைதான், ஆனால் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்ற பழக்கத்தை நீங்களே அவர்களுக்கு உண்டாக்கிவிட்டால் நாளைக்கு வேறொருவன் போனில் கேட்கும்போதும் கொடுத்துவிடுவார்கள். உங்கள் போனில் எடுத்த ஆதார் படத்தை அவர்கள் பார்க்கும்போதே அழித்துக் காட்டுங்கள். யாருடைய பின் நம்பரையும் நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டது என்று யாராவது வந்தால் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே 1930-க்குப் போடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இதுகூடத் தெரியாதா என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. பாறை இடுக்கில் கை விட்டுப் பாசி பறித்து, விரலெல்லாம் கிழிந்து, அந்தக் கையால் ரேகை வைத்தால் இயந்திரம் எடுக்காது. மூன்று முறை வைத்தும் எடுக்காமல் அவர் கூனிக்குறுகி நிற்கும்போது, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்ப்போம் அக்கா என்று சாதாரணமாகச் சொல்கிற பிள்ளைதான் எனக்குப் படித்த பிள்ளை. உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். கெட்ட தகவலைச் சொல்லத் தயங்கி வாரக்கணக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு போவதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் இதே மாதிரிதான். ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, மாத்திரை அட்டையின் மேலேயே காலை, இரவு, சாப்பிட்டபின் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது உண்டு. அதை நோய் வருவதற்கு முன்னால் வாங்கி வைப்பதுதான் புத்தி.

வேலை தேடும் மாதங்கள்

இந்தக் காலம் நீளமாகத் தெரியும். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாமல் போவதுதான் இதில் ஆபத்து. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போன், காலையில் பத்து மணிக்கு எழுந்திருப்பது, அதற்குள் வீட்டில் எல்லா வேலையும் முடிந்திருக்கும், அப்புறம் உங்களுக்கே உங்கள் மேல் வெறுப்பு வரும். படிக்கும் நேரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். மீன் இறக்கும் துறையிலிருந்து ஆட்கள் திரும்புகிற நேரம், பாங்கு சொல்கிற நேரம், கோயில் மணி, உங்கள் ஊரில் எது காலையோ அதோடு எழுந்திருங்கள்.

அப்புறம் தண்ணீர். நம்ம மாவட்டத்தில் தண்ணீர் என்பது ஒரு முழுநேர வேலை, அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் பார்க்கிறார்கள். குடம் வைத்த தள்ளுவண்டியை அம்மாவோ தங்கச்சியோ தள்ளிக்கொண்டு வரும்போது படித்த பையன் திண்ணையில் உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை. காலையில் ஒரு நடை வண்டியைத் தள்ளுங்கள். படிச்ச பிள்ளை தண்ணி வண்டி தள்ளுது பாரு என்று ஒரு வாரம் பேசுவார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள், அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பையனும் தள்ளுவான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது, சோறு வடிக்க, ஒரு ரசம், ஒரு மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்வது, மீன் கழுவி ஆய்வது, இதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு காய்ச்சல் வரும் அன்று இதன் அருமை தெரியும்.

என்ன பண்ற, எங்கே வேலை என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில், பஸ்ஸில், கடையில். கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் குத்தும் எண்ணமே இல்லை, பேச்சைத் தொடங்க அவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "குரூப் 4-க்குப் படிக்கிறேன் மாமா, ரெண்டு இடத்துல விண்ணப்பமும் போட்டிருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க." முறைத்துக்கொண்டு போனால் அங்கேயே முடிந்துவிடும், இப்படிச் சொன்னால் பத்தில் ஒருவராவது உண்மையிலேயே ஏதாவது தகவலோடு வருவார். உங்களைவிடச் சின்னவர்களிடம் இதே கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.

நேர்காணலுக்குப் போய் வந்தால் என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வைத்தார்கள், சம்பளம் எவ்வளவு சொன்னார்கள் என்று கூடப் படித்தவர்களுக்குச் சொல்லுங்கள். இதை மறைத்து வைப்பதால் உங்களுக்கு எதுவும் கூடப் போவதில்லை. கிடைக்காவிட்டாலும் வீட்டில் அன்றே சொல்லிவிடுங்கள். கிடைத்துவிடும் மாதிரி ஒரு பேச்சைச் சொல்லி வைத்துவிட்டு, அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லி, பிறகு உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

வெளிநாட்டு வேலைக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அவர் சொந்த மாமாவாக இருந்தாலும் போகாதீர்கள். ஏஜென்சி அரசிடம் பதிவு பெற்றதா என்று இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சங்களில் பேசுகிறவரிடம் உட்காரவே வேண்டாம்.

மனசு ரொம்பக் கீழே போகிறது, தூக்கம் இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடலாம். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். நண்பன் அப்படி இருப்பது தெரிந்தால் அறிவுரை சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போங்கள், சாயங்காலம் கடற்கரையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், எண்ணையும் கொடுங்கள்.

முதல் சம்பளம்

எவ்வளவு வந்தது என்பதை வீட்டில் மறைக்காதீர்கள். வீட்டுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று முதல் மாதமே பேசி முடிவு செய்துவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது. புதுப் போனைத் தவணையில் வாங்கும் முன்னால் அந்த அடகுச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அப்பா அம்மாவின் வங்கிக் கணக்கில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது, பிரதமர் சுரக்ஷா பீமா என்று பெயர். 18 முதல் 50 வயதுக்குள் சேர்பவர்களுக்கு வருடம் 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் உண்டு. வருடா வருடம் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். தடைக்காலத்தின் நடுவில் வருவதால் நம்மூர்க் கணக்குகளில் பல நேரம் பணம் இருக்காது. மே மாதம் 500 ரூபாயை நீங்கள் போட்டுவிடுங்கள். இரண்டாவது, கணக்குக்கு வாரிசுதாரர் (நாமினி) நியமித்திருக்கிறார்களா என்பது. அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு குடும்பம் அலைவதைப் பார்த்தால் நீங்களே எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்வீர்கள்.

கைமாத்துக் கேட்பார்கள். கொடுக்க முடிந்ததை, திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத அளவுக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் இந்த மாதம் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள், போனை எடுக்காமல் விடுவது வேண்டாம். நீங்கள் வாங்கியிருந்தால் சொன்ன தேதிக்கு முந்தின நாளே கொடுங்கள், தாமதமாகும் என்றால் தேதி வருவதற்கு முன்னாலேயே நீங்களாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். செய்முறை நோட்டை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், யார் நம் வீட்டுக்கு என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். இனி உங்கள் கையிலிருந்தும் ஒரு தொகை அதில் போக வேண்டும், சின்னதாக இருந்தாலும்.

வெளியூர் அறை

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போனால், வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பேச வேண்டும் என்பதில்லை, எந்த நாள் எந்த நேரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். பேசும்போது சாப்பிட்டியா என்பதைத் தாண்டி அவர்களிடமும் கேளுங்கள்: மீன்பாடு எப்படி, இறால் என்ன விலை போச்சு, முட்டிவலி பரவாயில்லையா. ரயில் ஏறினால் ஏறிவிட்டேன், இறங்கினால் இறங்கிவிட்டேன், ஒரு மெசேஜ்.

புயல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் பாதி பொய்தான் சுற்றும். பாம்பனில் எந்த எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வானிலை மைய அறிவிப்பைப் பார்த்து வீட்டுக்குச் சொல்லுங்கள், எங்கேயோ எப்போதோ எடுத்த அலை வீடியோவைக் குரூப்பில் போட்டுக் கடலில் ஆள் இருக்கிற வீடுகளைப் பதற வைக்காதீர்கள்.

அறையில் கூட இருப்பவர்களிடம் வாடகை, கரண்ட், சமையல் கணக்கை முதல் வாரமே பேசிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கருவாடு கொண்டு போனால் வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்டுவிட்டுப் பொரியுங்கள். ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற அக்கா, வாட்ச்மேன் அண்ணன், கேன்டீன்காரர், இவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு பெயரோடு பேசுங்கள். உங்கள் ஊரில் உங்கள் அம்மாவை யாராவது ஏய், இந்தாம்மா என்று கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ரோட்டில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி விபத்து நடந்து கிடப்பவரைப் பார்த்துவிட்டு போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து போய்விடாதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், நல்ல எண்ணத்தோடு உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐக் கூப்பிட்டு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கிறது, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, நிர்ணயித்த வரம்புக்குள், இலவசச் சிகிச்சை. பணம் யார் கட்டுவது என்று அங்கே நின்று யோசிக்க வேண்டாம். நீங்கள் வண்டி ஓட்டினால் ஹெல்மெட், பக்கத்துக் கடைக்குப் போனாலும்.

ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருந்து, 45 கிலோ எடையும் இருந்து, உடம்பு நன்றாக இருந்தால் போதும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உங்கள் ரத்த வகையை உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் போங்கள், போக முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள், அவர்கள் அடுத்த ஆளைத் தேட வேண்டும்.

நல்லதுக்கும் கெட்டதுக்கும்

நோன்புக் கஞ்சி வரும், பொங்கல் வரும், கிறிஸ்துமஸ் பலகாரம் வரும். பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒரு கைப்பிடிச் சீனியாவது போட்டுக் கொடுங்கள். இதை அம்மா இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டார், இனி நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகில் ஆள் இருக்கும் வீட்டுக்குப் போனால் என்ன ஆச்சு, எப்ப விடுவாங்க என்று கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியாது, வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். அடையாள அட்டை நகல், படகின் ஆவணங்கள் என்று அதிகாரிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்க, மனு எழுத, கூடப் போக ஆள் வேண்டும், அதைச் செய்யுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டுவிட்டு வாருங்கள்.

துக்க வீட்டுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். பேச வேண்டியதில்லை, நாற்காலி போடுவது, தண்ணீர் கொண்டுவந்து வைப்பது, வெளியூர்க்காரர்களுக்குப் போன் செய்து சொல்வது என்று அங்கே வேலை நிறைய இருக்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், துக்கத்தில் இது யாருக்கும் நினைவு வராது. பத்து நாள் கழித்து நீங்கள் போய், "பெரியம்மா, பெரியப்பா பேரைப் பதியணும், ஆதார் எங்கே இருக்கு, நான் போயிட்டு வரேன்" என்று சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் இறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு, அதைச் சில நகல் எடுத்துக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு, ரேஷன் அட்டை எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். பதினாறாம் நாளோ நாற்பதாம் நாளோ முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு ஆள் வருவது நின்றுவிடும், பேப்பர் வேலை அப்போதுதான் தொடங்கும், உங்களுக்கு நேரம் இருக்கிற நாளைச் சொல்லிவிட்டு அந்த வாரத்தில் போங்கள்.